ஹியுண்டாய்காரன் ஹொண்டாவின்ர கார்ச் சின்னத்தைப் பாத்துக் கொப்பியடிச்சவனோ?

கராஜ் பொடியன், மாங்குளம்:
என்னைக் கேட்டா, அப்பட்டமான கொப்பி. ஹொண்டாவின்ர எச் நிமிந்து நிக்குது. மற்றவங்கள் அதைச் சரிச்சுப்போட்டு முட்டை வளையம் ஒண்டைச் சுத்தி விட்டிருக்கிறாங்கள். தூரத்தில வரேக்க எது எதெண்டு சனத்துக்கு விளங்குதில்லை.

தண்ணிமுறிப்பான்:
தம்பி, ரெண்டு பேரும் எச்சில தொடங்கினா வேற என்னத்தைப் போடுறது? ஹியுண்டாய்க்காரர் சொல்லுற விளக்கம், அது ரெண்டு பேர் கைகுடுக்கிற வடிவம்: ஒராள் கம்பனி, மற்றாள் வாங்கிறவர்.
அரிசி மில் வளவுக்குள்ள மிட்சுபிசிக் கன்ரர் லொறியும் மாசி பேர்குசன் ட்ராக்டரும் பக்கத்தில பக்கத்தில நிக்கும். ஒண்டில மூண்டு சாய்சதுரம், மற்றதில மூண்டு முக்கோணம். ஆராவது கொப்பி எண்டு சண்டை பிடிச்சவையே?

கராஜ் பொடியன், மாங்குளம்:
கைகுடுக்கிறதெல்லாம் பிறகு ஒட்டின கதை அண்ணை. பி.எம்.டபிள்யூவைப் பாருங்கோ, பிளேன் விசிறி எண்டு ஊரே நம்புது. 1917இல பதிஞ்ச சின்னத்தில இருக்கிற வெள்ளையும் நீலமும் ஜேர்மனியில இருக்கிற பவேரியா மாநிலத்தின்ர நிறம். கறுப்பு வட்டம் அதுக்கு முன்னம் இருந்த ராப் கம்பனியின்ர. 1929இல விளம்பரம் ஒண்டில சுழலுற விசிறிக்குள்ள அந்தச் சின்னத்தைக் காட்டிச்சினம், கதை பத்திக்கொண்டுது.

நெடுங்கேணி அக்கா:
அதுக்காக எல்லாத்தையும் கட்டுக்கதை எண்டு ஒரே அடியா அடிக்காதையும். மிட்சுபிசியைத் தொடக்கினவர் இவாசாகி. அவையின்ர குடும்பச் சின்னம் மூண்டடுக்குச் சாய்சதுரம். ஜப்பானில அவர் வேலை செய்த தோசாச் சிற்றரசரின்ர சின்னம் மூண்டு ஓக் இலை. ரெண்டும் சேந்ததுதான் இது, அதுவும் கார் செய்யமுதல், கப்பல் ஓட்டின காலத்தில. ஆடியின்ர நாலு வளையம் 1932இல ஒண்டாச் சேந்த நாலு கம்பனி: ஆடி, டி.கே.டபிள்யூ, ஹோர்ஹ், வான்டரர். சுபாருவில இருக்கிறது எங்கட கார்த்திகை நட்சத்திரம். பெரிசு ஒண்டு, சின்னன் அஞ்சு. அஞ்சு கம்பனி சேந்து பெரிய கம்பனி ஒண்டு வந்த கணக்கு. இதுகளை என்ன பிறகே ஒட்டினவை?

தண்ணிமுறிப்பான்:
அக்கா சொல்லுறது சரி. ஆனா எனக்குச் சின்னத்தின்ர கருத்தை விட அது செய்யிற வேலைதான் பெரிசு. டொயோட்டா 1989இல மூண்டு நீள்வட்டத்தைக் கொண்டந்து, உள்ளுக்க இருக்கிற ரெண்டும் வாங்கிறவரின்ர மனமும் கம்பனியின்ர மனமும் எண்டுது. மனம் கிடக்கட்டும். ஏ9 றோட்டில பின்னால டொயோட்டா ஹயஸ் வான் வந்து லைற் அடிக்கேக்க கண்ணாடியைப் பாருங்கோ, சின்னம் மாறாமல் அப்பிடியே தெரியும். இடமும் வலமும் ஒண்டு. ஹொண்டாவும் அப்பிடித்தான். ஹியுண்டாயின்ர எச் மட்டும் கண்ணாடிக்குள்ள மற்றப் பக்கம் சரியும்.

கராஜ் பொடியன், மாங்குளம்:
கண்ணாடியில பாத்துத்தான் பிரிச்சறியோணும் எண்டா அது என்ன சின்னம் அண்ணை? கடையில சாமான் எடுக்க வாறவருக்கு இது உதவுமே?

நெடுங்கேணி அக்கா:
சின்னத்தைப் பாத்தே நீர் சாமான் குடுக்கிறனீர்? வாகனத்தில பொறிச்சிருக்கிற செசி நம்பரைக் கேளும் தம்பி.