பூர்வீக வீட்டு ரவி வர்மா படங்கள்: அசலா, என்ன விலை பெறும்?

வளவுவீடு எழுதியது:

வணக்கம். தேவகோட்டைப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டைப் பங்காளிகள் பிரித்துக்கொள்கிறோம். முகப்பில் மாட்டியிருந்த மூன்று சாமி படங்கள் என் பங்குக்கு வந்திருக்கின்றன.

ஒன்று லட்சுமி. தாமரை மேல் நிற்கிறாள், பக்கத்தில் மாலையோடு யானை. புடவை முழுக்க ஜரிகையும் சம்கியும் ஒட்டியிருக்கிறார்கள். கனமான தேக்குச் சட்டம். இரண்டாவது வீணையும் மயிலுமாகச் சரஸ்வதி, பளிச்சென்று இருக்கிறது. மூன்றாவது மீனாட்சி கல்யாணம்.

பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்து பார்த்தார். லட்சுமியில் சம்கி ஒட்டிக் கெடுத்துவிட்டார்களாம். சரஸ்வதிதான் அசல் ரவி வர்மாவாம், மீனாட்சி வெறும் காலண்டராம். மூன்றுக்கும் சேர்த்து 9,000 தருகிறேன் என்றார். லட்சுமி, சரஸ்வதி இரண்டின் அடியிலும் ரவி வர்மா பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. அவரே வரைந்ததாக இருக்குமா? விலையை எப்படிப் பார்ப்பது? கொடுப்பதற்கு முன் துடைத்து, புதுச் சட்டம் போடலாமா?

கல்லச்சு எழுதியது:

துடைக்க வேண்டாம், சட்டமும் மாற்ற வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றும் அச்சுப் படங்கள் என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அடியில் இருக்கும் பெயர் படத்தோடு சேர்ந்தே அச்சாகி வந்தது. 1894இல் ரவி வர்மா பம்பாயில் கல்லச்சுக்கூடம், அதாவது கல்லில் வரைந்து காகிதத்தில் படம் எடுக்கும் அச்சகம், தொடங்கினார். அப்புறம் அது லோனாவாலா அருகே, கார்லா பக்கம் இருக்கும் மளவலிக்குப் போனது. சில ஆண்டுகளில் அங்கே வேலை பார்த்த ஜெர்மன் நிபுணர் ஃப்ரிட்ஸ் ஷ்லைஷரிடம் விற்றுவிட்டார். 1906இல் ரவி வர்மா காலமான பிறகும் அந்த அச்சகம் பல பத்தாண்டுகள் அவர் பெயரில் படம் போட்டுக்கொண்டே இருந்தது. 1972இல் தீ விபத்தில் அழிந்தது. ஆக, பெயரை வைத்து மட்டும் வயது சொல்ல முடியாது. அவர் படங்களைப் பார்த்து வேறு அச்சகங்களும் ஏராளமாகப் போட்டிருக்கின்றன.

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் கண்ணாடி ஒன்று வாங்கி, முகத்தில் கன்னத்தைப் பாருங்கள். கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல். வரைகிறவர் கல்லின் மேல் கையாலேயே புள்ளி புள்ளியாக வைத்திருப்பார். அதனால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகச் சிதறியிருக்கும். உதட்டு ஓரத்திலோ வளையல் ஓரத்திலோ ஒரு வண்ணம் இம்மியளவு நகர்ந்து, கீழிருக்கும் வண்ணம் எட்டிப் பார்க்கும். ஆப்செட் என்ற பிற்கால இயந்திர அச்சில் வந்தது என்றால், வரிசை தப்பாத புள்ளிகள் சேர்ந்து சின்னச் சின்னப் பூப்போலத் தெரியும்.

அடி ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகப் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பம்பாய் என்றிருந்தால் தொடக்க காலம். கார்லா, லோனாவாலா என்றிருந்தால் இடமாற்றத்துக்குப் பிந்தியது. ‘பிரிண்டட் இன் ஜெர்மனி’ என்று போட்ட படங்களும் அந்தக் காலத்தில் நிறைய வந்தன.

சட்டக்கடை எழுதியது:

தம்பி, நான் படச்சட்டம் போடுகிற தொழிலில் இருக்கிறேன். நீங்களாகப் பின்பலகையை நெம்ப வேண்டாம். பல வீடுகளில் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கும், இழுத்தால் வண்ணம் கண்ணாடியோடு போய்விடும். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் மட்டும், பழக்கப்பட்ட ஒருவரை வைத்து, படத்தைக் குப்புறக் கிடத்தி ஆணியைக் கழற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கை இருட்டில் காகிதத்தின் வெள்ளை ஓரத்தில் அடித்துப் பாருங்கள். நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால், வெண்மையூட்டி சேர்த்த காகிதம். ஏறத்தாழ 1950க்கு முன்னால் அப்படிக் காகிதம் வந்ததில்லை. ஒளிராவிட்டால் பழையது என்று உறுதியாகிவிடாது. ஆனால் ஒளிர்ந்தால் புதுசுதான்.

வளவுவீடு எழுதியது:

நன்றி அண்ணே. சொன்னபடி பார்த்தேன்.

லட்சுமி: கன்னத்தில் புள்ளிகள் தாறுமாறாக இருக்கின்றன. யானையின் காது ஓரத்தில் இளஞ்சிவப்பு வெளியே வழிந்திருக்கிறது. அடியில் கார்லா, லோனாவாலா என்று படிக்க முடிகிறது. விளக்குக்கு ஒளிரவில்லை. கீழ் மூலையில் பூச்சி அரித்திருக்கிறது.

சரஸ்வதி: பூப்போல ஒழுங்கான புள்ளிகள். ஓரம் பளீரென்று ஒளிர்கிறது.

மீனாட்சி: இதுவும் ஒழுங்கான புள்ளிதான். மேலே வரிசையாகத் துளைகள், அடியில் பாதி வெட்டுப்பட்ட ஜவுளிக்கடைப் பெயர். மூலையில் ‘சி. கொண்டையராஜு’ என்று கையெழுத்து.

கல்லச்சு எழுதியது:

அப்படியென்றால் வியாபாரி சொன்னதைத் தலைகீழாகப் படியுங்கள். சரஸ்வதி பிற்கால மறு அச்சு. பூஜை அறைக்கு நன்றாக இருக்கும், சேகரிப்பாளர் தேட மாட்டார். லட்சுமிதான் ரவி வர்மா அச்சகக் கல்லச்சு.

சம்கியைப் பற்றிச் சொன்னதும் சரியில்லை. படத்தை வாங்கி வந்து புடவைக்குத் துணி, ஜரிகை, மணி வைத்து அலங்கரிப்பது செட்டிநாட்டில் பெரிய வழக்கம். அந்தக் கைவேலை அதே காலத்தது என்றால், அதற்காகவே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜரிகை கறுத்திருந்தாலும் உதிராமல் இருந்தால் நல்லது. தொட்டுப் பளபளப்பாக்க வேண்டாம்.

மீனாட்சியைக் காலண்டர் என்று தள்ளியதுதான் எனக்கு வருத்தம். கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர், நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்தவர். பிறகு கோவில்பட்டியில் தங்கி வரைந்தார். அவரும் சீடர்களும் வரைந்தவை சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டு வீடுகளெல்லாம் நிறைந்தன. தேதி முடிந்ததும் தாளைக் கிழித்துவிட்டுப் படத்துக்குச் சட்டம் போட்டுக்கொண்டார்கள். மேலே இருக்கும் துளைகள் தகரப் பட்டை இருந்த தடம். இன்றைக்குப் பெரிய பணம் கிடைக்காது, ஆனால் நல்ல நிலையில் மிஞ்சியவை குறைவு. அந்த ஜவுளிக்கடைப் பெயரை வெட்டி எறிந்துவிடாதீர்கள், படத்தின் காலத்தைக் கண்டுபிடிக்க அதுவே துப்பு.

வளவுவீடு எழுதியது:

சரி அண்ணே, லட்சுமிக்கு என்ன விலை கேட்கலாம்? சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகன் தானே எடுத்துக்கொள்கிறேன் என்கிறான்.

சட்டக்கடை எழுதியது:

ரவி வர்மா கையால் வரைந்த ஓவியம் கோடிக்கணக்கில் போனது என்ற செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு அச்சுப்படத்துக்கு விலை வைக்க வேண்டாம். ஆயிரக்கணக்கில் அடித்த படம் இது. பெரும்பாலும் ஆயிரங்களில்தான் போகும், நல்ல கைவேலை இருந்தால் அதற்கு மேலும் போகும். ஓரத்தை வெட்டாமல் அச்சகப் பெயரோடு இருப்பது, பழைய தேக்குச் சட்டம், ஜரிகை வேலை மூன்றும் உங்களுக்குச் சாதகம். பூச்சி அரித்தது பாதகம். மூன்றையும் மொத்தமாகக் கொடுக்க வேண்டாம். ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளில், அதே படம், அதே அச்சகம், ஏறத்தாழ அதே நிலை உள்ளதாகப் பார்த்து ஒப்பிடுங்கள். விற்பவர் கேட்கும் விலையை எடுக்காதீர்கள், விற்றுப்போன விலையை மட்டும் எடுங்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இரண்டு பேரிடமாவது காட்டுங்கள்.

கல்லச்சு எழுதியது:

சிங்கப்பூர் விஷயம் அவசரப்பட வேண்டாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உங்கள் லட்சுமி அந்த வயதைத் தாண்டியிருக்கலாம். படம் எடுத்து, அளவு குறித்து, இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டித் தொல்பொருள் அல்ல என்று சான்று கிடைத்தால் மட்டுமே அனுப்புங்கள். பெட்டியில் துணிக்கு அடியில் வைத்து எடுத்துப்போகிற யோசனையே வேண்டாம்.

வளவுவீடு எழுதியது:

வியாபாரியிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். சரஸ்வதிக்கு மட்டும் என்ன தருவீர்கள் என்று கேட்டேன், அதற்கு அவர் விலையே சொல்லவில்லை. லட்சுமிக்குப் பின்பலகையை எடுத்துவிட்டு அமிலமில்லாத (காகிதத்தைக் கெடுக்காத) அட்டை வைக்கலாம் என்று உள்ளூர்ச் சட்டக்காரர் சொல்கிறார், கண்ணாடியில் ஒட்டவில்லை என்று பார்த்துவிட்டார். செய்யலாமா?

சட்டக்கடை எழுதியது:

செய்யலாம். பின்பலகையில் பழைய கடைச் சீட்டு ஏதும் ஒட்டியிருந்தால் பலகையோடு பத்திரப்படுத்துங்கள். செலோடேப் எங்கேயும் ஒட்ட விடாதீர்கள். வெயில் படாத உள்சுவரில், சுவரை ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு மாட்டுங்கள்.