குறைமாசப் பிள்ளைக்கு எண்ணெய் தேச்சு விடலாமா?

சுங்கை சிப்புட் அம்மா:
மக 32 வாரத்துலயே பொறந்துட்டா, இப்பதான் ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு வந்திருக்கோம், எடை 2 கிலோதான். எஸ்டேட்டுல இருக்குற அத்தை நல்லா உருவி விடு, சீனித்தண்ணியும் குடுன்னு சொல்றாங்க, எனக்கு பயமா இருக்கு.

மூணு பிள்ளைக்காரி:
சீனித்தண்ணி, தேன் எதுவும் வேணாம் தங்கச்சி, தாய்ப்பால்தான். கர்ப்பத்தோட கடைசி மூணு மாசத்துலதான் பிள்ளைக்கு இரும்புச்சத்து அதிகமா சேரும், இதுக்கு அந்த நேரம் முழுசா கெடைக்கல, அதனால டாக்டர் குடுத்த சொட்டு மருந்தை நிறுத்திடாதீங்க.

ரிட்டையர்ட் மிஸி (நர்ஸ்):
டாக்டர் சரின்னா மசாஜ் நல்லதும்மா. 1986-ல அமெரிக்காவுல டிஃபனி ஃபீல்ட்ங்கிற ஆராய்ச்சியாளரோட குழு செஞ்ச ஆய்வுல, தினம் 3 தடவை 15 நிமிஷம் தடவி, கைகால மடக்கி நீட்டி விட்ட குறைமாசப் பிள்ளைங்களுக்கு மத்த பிள்ளைங்கள விட 47 சதவீதம் கூடுதலா எடை ஏறுச்சு. ஆனா உருவுறது, மூக்கைப் புடிக்கிறது, தலைய அமுக்குறதெல்லாம் கூடவே கூடாது. கையைத் தேச்சு சூடாக்கிட்டு தோள்லேருந்து கைக்கு, இடுப்புலேருந்து காலுக்கு, தோல் லேசா நகர்ற அழுத்தத்துல தடவுங்க, ரொம்ப மெதுவா தொட்டா கூசி முகத்தைச் சுளிக்கும். பால் குடிச்ச உடனே வேணாம். கடுகெண்ணெய் வேணாம், தோலைக் கெடுத்துடும்.

மூணு பிள்ளைக்காரி:
ஆமா, கிளினிக்ல வளர்ச்சி பாக்குறப்ப 40 வாரத்துக்கு 8 வாரம் முன்னாடியே பொறந்ததால, வயசுல அந்த 8 வாரத்தைக் கழிச்சுதான் பாக்கணும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஒப்பிட்டு அழுவாதம்மா.