நகைச்சுவை, நேர்மை, நாட்டுப்பாடல்: மூன்றையும் ஒரே வானொலி நிகழ்ச்சியில் சேர்ப்பது எப்படி?

கேள்வி:
எங்கள் கல்லூரியின் சமுதாய வானொலியில் வாரந்தோறும் அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்து வருகிறோம். சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்பட்ட 100 வாட் திறன்தான் எங்களுக்கும். ஆகவே கேட்பவர்கள் அனைவரும் பக்கத்து ஊர்க்காரர்கள். முதல் பத்து நிமிடம் நகைச்சுவை, அடுத்த பத்து நிமிடம் அன்றாட வாழ்வில் நேர்மை பற்றிய உரை, கடைசியில் நாட்டுப்பாடல் என்று பிரித்திருந்தோம். எட்டு வாரம் கழித்துத் தேநீர்க் கடையில் விசாரித்தபோது, "சிரிப்பு வரைக்கும் கேட்போம், புத்தி சொல்ல ஆரம்பித்ததும் அணைத்துவிடுவோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். உரையை எடுத்துவிடலாமா, அல்லது அமைப்பில்தான் கோளாறா?

பழைய நேயர்:
உரையை எடுக்க வேண்டாம் ஐயா, அதன் தொனியை மாற்றுங்கள். தென்கச்சி கோ. சுவாமிநாதன் 'இன்று ஒரு தகவல்' நிகழ்ச்சியில் நாள்தோறும் சொன்னவை பெரும்பாலும் நல்லொழுக்கம் பற்றியவைதாம். ஆனாலும் யாரும் அதை உபதேசமாக எண்ணி வானொலியை அணைத்ததில்லை. வேளாண்மை படித்து, பண்ணை நிகழ்ச்சிகள் நடத்தி வந்தவர் என்பதால், மேடைக் குரலை விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதைப் போலவே அவரால் பேச முடிந்தது. செய்தியை முதலில் நிதானமாகச் சொல்லிவிட்டு, இறுதியில் ஒரு நகைச்சுவைக் கதையை வைப்பார். அந்தக் கதை பல நேரங்களில் அதுவரை சொன்ன அறிவுரையையே சற்றுக் கேலி செய்யும். நீங்கள் சிரிப்பை முன்னால் வைத்துச் செலவழித்துவிட்டு, வெறுங்கையோடு நீதிக்கு வருகிறீர்கள்.

நெல்லைக்காரர்:
மேலே சொன்னது சரி, ஆனால் அது ஒருவர் தனியாகப் பேசும் முறை. அரை மணி நேரத்துக்குத் தாங்காது. நீங்கள் தேடும் கலவை எங்கள் பக்கத்தில் வில்லுப்பாட்டு என்ற பெயரில் ஏற்கெனவே இருக்கிறது. நாகர்கோவிலில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் வில்லடித்துக் கதை சொன்னவர்தான். அவரோடு பணியாற்றிய சுப்பு ஆறுமுகம் காந்தியின் கதையைக்கூட வில்லில் பாடினார். அவருக்கு 2021 இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதில் கவனிக்க வேண்டியவர் தலைமைப் பாடகர் அல்லர், பக்கத்தில் அமர்ந்து "ஆமா" போடுபவர். கதையில் ஒரு கடைக்காரர், ஒருவன் நீட்டிய ஐம்பது ரூபாய் நோட்டை ஐந்நூறு என்று நினைத்துச் சில்லறை கொடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். "திருப்பிக் கொடுத்தானா?" என்று பாடகர் கேட்டால், "அவர் போன வாரம் எடையில் குறைத்தாரே, அதற்குச் சரியாகப் போயிற்று" என்று இவர் குறுக்கே விழ வேண்டும். கேட்பவர் மனத்தில் ஓடும் சாக்கு அதுதான். அதை வாய்விட்டு ஒருவர் சொல்லிவிட்டால் சிரிப்பும் வரும், வழக்கும் சூடு பிடிக்கும். ஒலிப்பதிவில் மட்டும் ஓர் எச்சரிக்கை: வில்லுப்பாட்டில் தாளத்துக்குத் தட்டும் குடத்தின் அருகே ஒலிவாங்கியை வைத்தால் அதன் முழக்கம் சொற்களை விழுங்கிவிடும். நாங்கள் அப்படி ஒரு முழுக் கதையையே பாழாக்கியிருக்கிறோம்.

பாட்டுச் சேகரிப்பவர்:
நெல்லைக்காரர் சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வில்லுப்பாட்டு பயின்ற குழு இல்லாமல் மாணவர்கள் அதைப் போலச் செய்தால் பள்ளி ஆண்டு விழா ஆகிவிடும். "ஆமா" போடும் ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு, பாட்டுக்கு உங்கள் ஊரிலேயே இருப்பவர்களிடம் செல்லுங்கள். நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயியை 1985 இல் 'ஆண்பாவம்' படத்தில் பலர் பார்த்தார்கள். அதற்கு முன்பே வானொலி நேயர்கள் அவர் குரலை அறிவார்கள். நடவுப் பாட்டுப் பாடும் பெண்களை ஒலிப்பதிவு அறைக்கு வரவழைக்காதீர்கள். குளிரூட்டிய அறையில் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினால் இரண்டாவது அடியிலேயே குரல் சுருங்கிவிடுகிறது. வரப்பில் பதிவு செய்யுங்கள். சேற்றில் கால் எடுத்து வைக்கும் ஓசையும் இடையே ஒருத்தி மற்றவளைக் கேலி செய்வதும் அப்படியே இருக்கட்டும். பாடியவருக்குச் சிறு தொகையாவது கொடுத்துவிடுங்கள். நேர்மை பற்றிய நிகழ்ச்சி அல்லவா!

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. பத்து நிமிடப் பிரிவுகளைக் கைவிட்டு, சில்லறை வழக்கையே அடுத்த வாரம் எடுக்கிறோம். "ஆமா" போடுவதற்கு, "புத்தி சொன்னால் அணைத்துவிடுவேன்" என்ற அந்தத் தேநீர்க் கடை அண்ணனையே கேட்டிருக்கிறோம். கடையை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.