சுவருக்குள் உடைந்து நின்ற குழாய் மரை: டைல்ஸை உடைக்காமல் எடுக்க வழி உண்டா?

தோட்டத்துவீடு:

வணக்கம். கோவையில் அப்பா 1991-இல் கட்டிய வீடு எங்களுடையது. குளியலறைச் சுவருக்குள் போவதெல்லாம் ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்). நல்ல தண்ணிக்கு ஒரு லைன், போர் தண்ணிக்கு ஒரு லைன். போர் தண்ணிக் குழாய் ரொம்ப நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. மாற்றிவிடலாம் என்று ஆள் கூப்பிட்டோம். அவர் பைப் ரெஞ்ச் போட்டு ஒரே அழுத்தாக அழுத்தியதும் குழாய் கையோடு வந்துவிட்டது. மரை மட்டும் சுவரில் இருக்கும் எல்போவுக்குள்ளேயே (பைப் திரும்புகிற இடத்தில் இருக்கும் வளைந்த இணைப்பு) நின்றுவிட்டது. "டைல்ஸை உடைத்து எல்போவையே மாற்றணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இளம்பச்சையில் பூப்போட்ட டைல்ஸ் அது. அம்மா தேர்ந்தெடுத்தது. இன்று எந்தக் கடையிலும் அந்த மாதிரி கிடைக்காது. ஒன்றை உடைத்தால் பக்கத்தில் இருப்பதும் விரியும் என்று பயமாக இருக்கிறது.

அரை இஞ்ச் பித்தளைக் குழாய். உடைந்த துண்டு எல்போவின் வாயிலிருந்து ஒரு நகக்கண் அளவு உள்ளே தள்ளி நிற்கிறது. அதன் ஓட்டைக்குள் சுண்டுவிரல் நுனி மட்டும் போகிறது. வீட்டில் 10 இஞ்ச் பைப் ரெஞ்ச், ஆக்ஸா பிளேடு, சுத்தியல், சின்ன உளி இருக்கின்றன. உடைந்த துண்டைக் கடித்துப் பிடித்துத் திருப்பி எடுக்க எக்ஸ்ட்ராக்டர் என்று ஒன்று கடையில் காட்டினார்கள். வாங்கலாமா? நெருப்புக் காட்டினால் இளகும் என்கிறாரே பக்கத்து வீட்டுக்காரர், அது சரியா?

மாடித்தொட்டி:

எக்ஸ்ட்ராக்டருக்குச் செலவு பண்ண வேண்டாம். பழைய அரத்தின் வால் பக்கம் கூர்மையாக இருக்கும் பாருங்கள், அதை ஓட்டைக்குள் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு. வாலின் விளிம்பு பித்தளையில் கடித்துக்கொள்ளும். அப்படியே ஸ்பேனரால் பிடித்து இடப்பக்கம் திருப்பினால் வந்துவிடும். எங்கள் வீட்டில் வாஷ்பேசின் குழாயை இப்படித்தான் எடுத்தார்கள்.

ஈரோட்டுபிளம்பர்:

அம்மா, முதலில் சுத்தியலைக் கீழே வையுங்க. மேலே நண்பர் சொன்ன அரம் வேலை புதுச் சுவரில், புது மரையில் நடக்கும். உங்கள் லைனுக்கு 30 வயசுக்கு மேல் ஆகிவிட்டது. அதோடு அரம் கடினமாகக் காய்ச்சிய இரும்பு, ஓங்கித் தட்டினால் சிலும்பாகத் தெறிக்கும். கண்ணில் பட்டால் போச்சு.

இந்த வேலையில் எல்லோரும் உடைந்த துண்டையே பார்க்கிறார்கள். நான் முதலில் எல்போவைத்தான் பார்ப்பேன். நீங்கள் எவ்வளவு பலம் கொடுத்தாலும் அது துண்டோடு நிற்காது, எல்போவுக்கும் போகும். அங்கிருந்து சுவருக்குள் எல்போவில் சேருகிற பைப் மரைக்கும் போகும். அந்த மரைதான் லைனிலேயே மெலிந்த இடம். அரை இஞ்ச் ஜிஐ பைப்பில் நீலப்பட்டை போட்ட பி கிளாஸ் என்றால் சுவர்க்கனம் 2.6 மி.மீ. மரை வெட்டும்போது அதில் 1.16 மி.மீ. போய்விடுகிறது. மிச்சம் ஒன்றரை மி.மீ.கூட இல்லை. மேலிருந்த துத்தநாகப் பூச்சும் மரை வெட்டுகையில் சீவிப் போயிருக்கும், துருவும் அங்கேதான் தொடங்கும். அதனால் எல்போ அரை விரல் நகர்ந்தாலே உள்ளே கசிய ஆரம்பிக்கும். அது உடனே வெளியே தெரியாது. சில மாதம் கழித்துப் பின்சுவரில் ஈரம் பூத்து நிற்கும். அப்போது ஒரு டைல்ஸோடு முடியாது.

வெளியில் தெரிகிற பைப் என்றால் கழற்ற எப்போதும் இரண்டு ரெஞ்ச் வேண்டும். ஒன்று எல்போவைப் பிடித்து நிற்க, இன்னொன்று திருப்ப. உங்கள் வீட்டில் எல்போவைச் சுவர் மூடியிருக்கிறது, இரண்டாவது ரெஞ்சுக்கு இடமில்லை. அதனால் பலத்தைக் குறைத்துத்தான் இந்த வேலையைச் செய்ய முடியும்.

இப்படிச் செய்யுங்க. தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் கேட் வால்வை மூடி, கீழே இருக்கிற குழாய்களைத் திறந்து லைனைக் காலி பண்ணுங்க. பிறகு எல்போவின் வாய் ஓரத்திலும் அதை ஒட்டிய டைல்ஸிலும் நேராகச் சேருகிற மாதிரி ஒரு பென்சில் கோடு போடுங்க. வேலை நடக்கும்போது அந்தக் கோடு பிசகினால் துண்டோடு எல்போவும் சுற்றுகிறது என்று அர்த்தம். அந்த நிமிடமே நிறுத்திவிடணும்.

அப்புறம் ஊறவைக்கிற வேலை. எல்போவின் வாய் கிடைமட்டமாக இருப்பதால் எண்ணெய் ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி, துண்டுக்கும் எல்போவுக்கும் இடையில் படும்படி உள்ளே சுற்றி அடைத்து, அதில் டபிள்யூடி-40 அடியுங்க. இல்லையென்றால் டீசல் போதும். போர் தண்ணி லைன் என்பதால் துருவோடு சுண்ணாம்பு உப்பும் கட்டியிருக்கும். அது எண்ணெய்க்கு இளகாது, புளிப்புக்குத்தான் இளகும். அதனால் முதல் நாள் ராத்திரி வினிகர் நனைத்த திரி, மறுநாள் துடைத்துக் காயவைத்து எண்ணெய்த் திரி. எண்ணெய் முதலில் போய்விட்டால் வினிகர் ஒட்டாது, வரிசை முக்கியம்.

நெருப்பு வேண்டாம். டைல்ஸ் விரிசல் விடும் என்பது ஒன்று. சூடு பட்டால் பித்தளை இரும்பைவிட அதிகமாக உப்பும், அதனால் சூடாக இருக்கும்போது இன்னும் இறுகும் என்பது இரண்டு. அதைவிட முக்கியமானது, அந்தக் காலத்தில் ஜிஐ மரைக்குச் சணல் சுற்றி வெள்ளை ஈயப் பசை தடவுவார்கள். அது ஈயம். எரித்துப் புகையை மூச்சில் இழுக்கவே கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, அந்தத் தூளைக் குழந்தைகள் பக்கம் விடாதீங்க.

கடைசியாக, உடைந்த குழாயின் வாய் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்க. மீதியை அப்புறம் சொல்கிறேன்.

லேத்பட்டறை:

பிளம்பர் அண்ணன் ஏன் நிறம் கேட்கிறார் என்பதற்கு இதைச் சேர்க்கிறேன். உடைந்த முகம் பளிச்சென்று மஞ்சளாக, பொடிச் சர்க்கரை மாதிரி மினுமினுத்தால் பித்தளை நல்ல நிலையில் இருந்தது, பலம் தாங்காமல் முறிந்தது என்று அர்த்தம். செம்பு நிறத்தில் திட்டுத்திட்டாக, நகத்தால் கீறினால் உதிர்கிற மாதிரி இருந்தால் அதிலிருந்த துத்தநாகம் தண்ணியில் கரைந்து போய்விட்டது. மிச்சம் இருப்பது பஞ்சு போன்ற செம்பு. உப்புத் தண்ணியில் மட்டமான பித்தளைக்கு இது சாதாரணம்.

எக்ஸ்ட்ராக்டர் விஷயம் இதைப் பொறுத்துத்தான். சுருள் வெட்டிய எக்ஸ்ட்ராக்டர் ஆப்பு வடிவம். இடப்பக்கம் திருப்பத் திருப்ப உள்ளே ஏறும், ஏறும்போது துண்டை வெளிப்பக்கம் விரிக்கும். கனமான, நல்ல பித்தளை தாங்கும், சுற்றிக்கொண்டு வெளியே வரும். மெலிந்த துண்டு என்றால் விரிந்து எல்போ மரையோடு இன்னும் இறுகிவிடும். நாலு பட்டையாக நேராக விளிம்பு உள்ள எக்ஸ்ட்ராக்டர் கிடைத்தால் அதை வாங்குங்கள், அது அவ்வளவு விரிக்காது. எதுவானாலும் கைப்பிடி போட்டு இரண்டு பக்கமும் சமமாக அழுத்தித் திருப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் ஸ்பேனர் போட்டு இழுத்தால் எக்ஸ்ட்ராக்டரே உள்ளே முறியும். அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது. அவ்வளவு கடினம்.

தோட்டத்துவீடு:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. பார்த்தேன். முகத்தில் பாதிக்கு மேல் செம்பு நிறம்தான். ஊசியால் குத்தினால் பொடி விழுகிறது. சொன்ன வரிசையில் வினிகரும் எண்ணெயும் வைத்தேன். நேர்ப்பட்டை எக்ஸ்ட்ராக்டர் வாங்கி மெதுவாகத் தட்டித் திருப்பிப் பார்த்தேன். பென்சில் கோடு அசையவில்லை, துண்டும் அசையவில்லை. எக்ஸ்ட்ராக்டரைச் சுற்றிப் பித்தளை உதிர்ந்து வழுக்குகிறது. அதோடு நிறுத்திவிட்டேன். அடுத்து என்ன அண்ணா?

ஈரோட்டுபிளம்பர்:

நிறுத்தியது நல்லது. உதிர்கிற பித்தளையை எந்தக் கருவியாலும் பிடித்துத் திருப்ப முடியாது. ஆனால் அதே உதிர்வுதான் இப்போது நமக்கு உதவப் போகிறது. அறுத்து எடுத்துவிடலாம்.

ஆக்ஸா பிளேடு அப்படியே ஓட்டைக்குள் போகாது, அகலம் அரை இஞ்ச். கிரைண்டர் வைத்திருக்கிற கடையில் கொடுத்து, முன்பக்கம் மூன்று விரல் நீளத்துக்கு முதுகைத் தேய்த்துப் பாதி அகலமாக ஒடுக்கச் சொல்லுங்க. பல் பக்கம் தொடக்கூடாது. தேய்க்கும்போது நிறம் மாறாமல் தண்ணியில் முக்கி முக்கித் தேய்க்கச் சொல்லுங்க, சூடானால் பல் மழுங்கிவிடும். 24 பல் பிளேடு வாங்குங்க. ஃபிரேம் வேண்டாம். வெளியே இருக்கிற பக்கத்தில் துணி சுற்றிக் கையால் பிடித்து, பல் உங்களைப் பார்க்கிற மாதிரி வையுங்க. இழுக்கும்போது அறுக்கணும், தள்ளும்போது சும்மா போகணும். தள்ளி அறுத்தால் பிளேடு வளைந்து முறியும், எல்போவின் உள்சுவரிலும் இடிக்கும்.

துண்டின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, நீளவாக்கில் ஒரு வெட்டு. எவ்வளவு ஆழம் என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது, தூளைப் பாருங்க. கீழே ஒரு வெள்ளைத் தாள் வையுங்க. மஞ்சளும் செம்புமாக விழுகிற வரைக்கும் பித்தளையில்தான் இருக்கிறீர்கள். தூளில் கறுப்பும் சாம்பலுமாகக் கலந்து வர ஆரம்பித்தால் எல்போவின் மரை முனையைத் தொட்டுவிட்டீர்கள், அங்கேயே நிறுத்தணும். சத்தமும் மாறும். பித்தளையில் பிளேடு மென்மையாக ஓடும், இரும்பில் கரகரக்கும். மரை முனையில் லேசாகக் கீறல் விழுந்தால் பரவாயில்லை, பிறகு மரையில் சுற்றுகிற டெஃப்லான் டேப் அதை மூடும். மரையின் அடிவரை வெட்டிவிட்டால் அந்த வழியாகத் தண்ணி வெளியே வரும்.

முதல் வெட்டுக்குப் பக்கத்தில், நெல்மணி அகலம் தள்ளி இரண்டாவது வெட்டு. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பட்டையைச் சின்ன உளியால் வெளி ஓரத்திலிருந்து உள்பக்கமாக, ஓட்டையின் நடுவைப் பார்த்து மடியுங்க. ஓங்கி அடிக்க வேண்டாம், உளியின் தலையில் தட்டிக்கொண்டே இருங்க. அந்தப் பட்டை மடிந்து விழுந்தால் மீதி வளையத்துக்கு இறுக்கம் போய்விடும். மூக்குக் குறடால் ஒரு முனையைப் பிடித்து உள்பக்கம் சுருட்டினால் மரையை விட்டுக் கழன்று வரும்.

நிதானமாகச் செய்யுங்க. கை வலித்தால் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்க. தண்ணிக்கு அந்த அறையில் இன்னொரு லைன் இருக்கிறதே, அவசரமில்லை.

தோட்டத்துவீடு:

வந்துவிட்டது! இரண்டாவது வெட்டில் தாளில் சாம்பல் நிறத் தூள் தெரிந்ததும் நிறுத்தினேன். பட்டை மூன்று துண்டாக உடைந்து விழுந்தது, வளையம் அப்படியே குறடோடு வந்தது. மரைக்குள் காய்ந்த சணல் நூல்கூட இருந்தது. பென்சில் கோடு இம்மிகூட நகரவில்லை. டைல்ஸில் ஒரு கீறல் இல்லை. அம்மா வந்து பார்த்துவிட்டுத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எல்போ மரை முழுக்கத் துரு. புதுக் குழாயை அப்படியே மாட்டலாமா?

ஈரோட்டுபிளம்பர்:

ரொம்ப சந்தோஷம் அம்மா. அப்படியே மாட்டாதீங்க. கடையில் அரை இஞ்ச் ஜிஐ நிப்பிள் (வெளிப்பக்கம் மரை வெட்டிய குட்டைப் பைப் துண்டு) ஒன்று வாங்கி, அதன் மரையில் நீளவாக்கில் நாலு இடத்தில் ஆக்ஸா பிளேடால் பள்ளம் வெட்டுங்க. எண்ணெய் தடவி எல்போவுக்குள் கையால் ஏற்றுங்க. கால் சுற்று உள்ளே, அரைக்கால் சுற்று வெளியே, இப்படியே. துரு எல்லாம் அந்தப் பள்ளத்தில் சேர்ந்து வெளியே வரும். ரெஞ்ச் போட்டு ஏற்றக்கூடாது. கையால் போகிற வரைக்கும்தான்.

சுத்தமானதும் குழாயை உடனே மாட்டாமல் முதலில் ஒரு டம்மி (வாயை அடைக்கிற மரை மூடி) போட்டு மூடுங்க. வால்வைத் திறந்து ஒரு ராத்திரி விட்டுவிட்டுப் பின்சுவரைத் தொட்டுப் பாருங்க. காய்ந்திருந்தால் எல்போ நல்லபடியாக இருக்கிறது. பிறகு டெஃப்லானை, மரை உங்களைப் பார்க்கிற மாதிரி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றுங்க. கனமான பித்தளைக் குழாயாக வாங்குங்க, கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரியும். முக்கால்வாசி கையால் ஏற்றிவிட்டு, கடைசிச் சுற்று மட்டும் ஸ்பேனர். குழாய் நேராக நிற்கணும் என்பதற்காகத் திரும்பக் கொஞ்சம் பின்னால் திருப்பாதீங்க, டெஃப்லான் கிழிந்து கசியும். நேராக வரவில்லையென்றால் கழற்றி இன்னும் இரண்டு சுற்று டேப் சுற்றி மறுபடி ஏற்றுங்க.

அந்தப் போர் லைனில் மீதி இருக்கிற குழாய்களும் இதே வயசுதான். அவற்றில் வாஷர் போனால் தலையை மட்டும் கழற்றி வாஷர் மாற்றுங்க. உடலை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பணும். மரைப் பக்கம் யாரையும் கை வைக்க விடாதீங்க.