புதிய மங்கி ஐலண்டின் ஓவியங்கள் பற்றி எங்கள் குடும்பக் குழுவில்

[இரவு 7:42] அண்ணாவின் மகள்: சித்தப்பா, மாமி, இருவருக்கும் வணக்கம். ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’ என்ற கடற்கொள்ளையர் கதைக் கணினி விளையாட்டை, ஸ்டீம் என்ற இணையக் கடையில் விலை குறைந்திருந்தபோது வாங்கி, நேற்று அதில் வரும் மெலே தீவில் கொஞ்ச நேரம் சுற்றினேன். அதன் படம் ஒன்றை மேலே போட்டிருக்கிறேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனைத் திருப்பித் தந்துவிட்டார். உங்களுக்கு இந்த ஓவியங்கள் பிடித்திருக்கின்றனவா?

[7:51] பெரியண்ணா: பிள்ளை, நான் பேசாமல் இருந்தது கோபத்தினால் அல்ல, ஏமாற்றத்தினால். 1990இல் முதல் விளையாட்டையும் 1991இல் இரண்டாவதையும் தந்த ரொன் கில்பர்ட், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தன் கதைக்கே திரும்பி வருகிறார் என்று 2022இல் அறிந்தபோது, அந்த இரண்டு விளையாட்டுகளின் இரவையும் கடலையும் மறுபடி பார்க்கப்போகிறேன் என்றுதான் நினைத்தேன். வந்தவையோ கடதாசியைக் கத்தரித்து ஒட்டியதுபோல மூக்கும் முழங்கையும் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் உருவங்கள். இன்னொரு மங்கி ஐலண்டைச் செய்தால் அது முதல் இரண்டின் பழைய பாணியில், குறைந்த தெளிவுத்திறன் கொண்ட ஓவியங்களோடு இருக்கும் என்று 2013இல் அவரே எழுதியிருந்தார். அதை வாசித்துவிட்டு ஒன்பது வருடம் காத்திருந்தவர்கள் கேள்வி கேட்பதில் என்ன பிழை?

[7:58] நான்: கேட்பதில் பிழையே இல்லை, அண்ணா. ஆனால் அந்த ஒன்பது வருடத்துக்குள் அவர் கரி வின்னிக்கோடு சேர்ந்து ‘திம்பிள்வீட் பார்க்’ விளையாட்டை 2017இல் வெளியிட்டார். பிக்சல் எனும் சிறு சதுரப் புள்ளிகளாலான ஓவியங்களும் திரையின் அடியில் கட்டளைச் சொற்களின் வரிசையும் கொண்ட, முழுக்க முழுக்கப் பழைய பாணி விளையாட்டு அது. அந்த ஆசையை அங்கே நிறைவேற்றிக்கொண்ட ஒருவர் மீண்டும் அதையே செய்ய விரும்பாதது எனக்கு நியாயமாகவே படுகிறது.

[8:01] நான்: இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய பாணி என்று நாங்கள் சொல்வது எந்தப் பாணியை? முதல் விளையாட்டு 16 நிறங்களில்தான் வந்தது, 256 நிறப் பதிப்பு அதன் பின்னர் வந்தது. இரண்டாவதற்குப் பின்னணிகளைக் கையால் தீட்டி ஸ்கேன் செய்தார்கள். கில்பர்ட் விலகிய பிறகு வேறொரு குழு 1997இல் செய்த மூன்றாவது, கார்ட்டூன் படம்போல இருந்தது. அதில்தான் கதாநாயகன் கைபிரஷ் ஒல்லியாகி, ஆளைவிட உயரமாகி நின்றான். 2000இல் வந்த நான்காவது முப்பரிமாணத்துக்கு மாறியது, 2009இல் டெல்டேல் நிறுவனம் செய்த ஐந்தாவதும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் முகம் மாறிய ஒரு தொடரில், ஆறாவது மட்டும் முதலாவதைப்போல இருக்க வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

[8:09] பெரியண்ணா: தம்பி, மூன்றிலிருந்து ஐந்துவரை வந்தவற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவை வேறு ஆட்கள் செய்தவை. தொடங்கியவரே திரும்பி வரும்போதுதான் எதிர்பார்ப்பு கூடுகிறது.

[8:20] தெஹிவளை அக்கா: பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பிப்பவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன், அண்ணா. அந்தக் காலத்துத் திரையில் அகலவாக்கில் 320, உயரவாக்கில் 200 புள்ளிகள்தான் இருந்தன. பதினாறு நிறங்களை வைத்துக்கொண்டு ஒரு முழு இரவை வரைய வேண்டியிருந்ததால், மார்க் பெராரி போன்ற ஓவியர்கள் நீலப் புள்ளியையும் கறுப்புப் புள்ளியையும் மாறிமாறி அடுக்கி, அந்தப் பதினாறில் இல்லாத மூன்றாவது நிறம் ஒன்றைக் கண்ணுக்குக் காட்டினார்கள். பழைய கண்ணாடிக் குழாய் மொனிட்டரில் அந்தப் புள்ளிகளின் ஓரங்கள் மங்கி ஒன்றோடொன்று கலந்தன. அதே படத்தை இன்றைய தட்டைத் திரையில் போட்டால் ஒவ்வொரு புள்ளியும் கூரான சதுரமாக, தனித்தனியாகத் தெரிகிறது. ஆகவே உங்கள் நினைவிலுள்ள மெலே தீவை, பிக்சல் ஓவியத்தைத் திரும்பக் கொண்டுவந்தாலும் நீங்கள் பார்க்க முடியாது.

[8:31] பெரியண்ணா: நீ சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், தங்கச்சி. ஆனால் என் மனக்குறை நிறத்தைப் பற்றியதல்ல, முகத்தைப் பற்றியது. நாங்கள் இந்த விளையாட்டின் பெட்டியைக் கண்ணால் கண்டதில்லை. பம்பலப்பிட்டியில் ஒரு நண்பரிடம் பிரதி எடுத்த டிஸ்கெட்டுகள்தான் எங்களிடம் இருந்தன. ஸ்டீவ் பர்செல் தீட்டிய அட்டைப்படத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு இணையத்தில்தான் பார்த்தேன். திருட்டுப் பிரதியைத் தடுப்பதற்காக, விளையாட்டைத் தொடங்குமுன் சுழற்ற வைத்த அந்த வட்ட அட்டைகூட எங்களுக்குப் போட்டோகொப்பியாகத்தான் கிடைத்தது. அப்பா இரண்டு வட்டங்களையும் வெட்டி நடுவில் ஊசி குத்தித் தந்தார். மேல்பாதி முகத்தையும் கீழ்பாதி முகத்தையும் திரையில் வருவதைப்போலப் பொருத்தி, அட்டையில் தெரியும் ஆண்டைப் படிக்க வேண்டும், மை பரவியிருந்ததால் மூன்றா எட்டா என்று தெரியாது. அப்படி உள்ளே போனால் கைபிரஷுக்கு முகம் என்று இருந்தவை சில புள்ளிகள் மட்டுமே. மீதியை நான்தான் நிரப்பினேன். 1996இல் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்த காலத்தில், கணினி அணைந்த பிறகும் அந்த முகம் என்னோடு இருந்தது. இப்போது ஒருவர் வந்து, மூக்கு இதுதான், தாடை இதுதான் என்று திரை நிறையக் காட்டும்போது, நான் நிரப்பிய பங்கு இல்லாமல் போகிறது.

[8:38] நான்: இதுவரை நான் வாசித்த எதிர்ப்புகளுள் இதைத்தான் என்னால் இலகுவாகத் தள்ளிவிட முடியவில்லை. ஆயினும், அண்ணா, முதல் விளையாட்டின் மதுக்கடையான ஸ்கம் பாரில் உட்கார்ந்திருந்த கொள்ளையர்களோடு பேசும்போது அவர்களுடைய முகங்கள் திரை நிறைய வந்தனவே. அவற்றில் தாடி மயிர்கூடத் தெளிவாகத் தீட்டப்பட்டிருந்தது. நடக்கும்போது சிறு பொம்மையாகவும் அருகில் காட்டும்போது தீட்டிய முகமாகவும் ஒரே விளையாட்டுக்குள் இரண்டு பாணிகள் இருந்தன. நிரப்பும் வேலையை முழுவதுமாக எங்களிடம் விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை. திரையில் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவையும் காட்டவே முயன்றார்கள்.

[8:46] அண்ணாவின் மகள்: எனக்கு அந்த நினைவுகள் எதுவும் இல்லை என்பதால் நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். 2009இல் வந்த முதல் விளையாட்டின் சிறப்புப் பதிப்பில் எஃப்10 விசையை அழுத்தினால் பழைய ஓவியமும் புதிய ஓவியமும் அந்த இடத்திலேயே மாறும். அதை விளையாடியபோது நான் பெரும்பாலும் பழையதிலேயே இருந்தேன். புதியதில் எல்லாவற்றையும் வழுவழுப்பாக்கியிருந்தார்கள், ஆனால் அசைவுகளும் நிற்கும் இடங்களும் பழையனவாகவே இருந்ததால் உருவங்கள் விறைத்து நின்றன. கைபிரஷின் தலைமயிரைப் பார்க்கவே சகிக்கவில்லை. இந்தப் புதிய விளையாட்டில் அந்தத் தடுமாற்றம் இல்லை, எல்லாமே ஒரே கையிலிருந்து வந்ததாகத் தெரிகிறது.

[8:50] நான்: அந்தக் கை ரெக்ஸ் குரோலுடையது. ‘லிட்டில் பிக் பிளானட்’ விளையாட்டில் வேலை செய்தவர், உலகம் முழுவதையும் கடதாசியால் ஆக்கிய ‘டெயாரவே’ விளையாட்டை 2013இல் தந்தவர். அவரை ஓவியப் பொறுப்பாளராக அழைத்துவிட்டு, உன் கையை மறைத்துக்கொண்டு 1991ஐப்போல வரை என்று கேட்டிருந்தால்தான் அது கெட்டிருக்கும். அவருடைய பாணி பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் முன்னோட்டம் வெளிவந்த நாட்களில் தனிப்பட்ட வசைகள் எவ்வளவு தூரம் போயின என்றால், கில்பர்ட் தன் இணையத்தளத்தில் அந்த விளையாட்டைப் பற்றிப் பேசுவதையே 2022 ஜூனில் நிறுத்திக்கொண்டார். அத்தனை வருடம் காத்திருந்த அன்பு அப்படி முடிந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனவருத்தம்தான்.

[8:55] பெரியண்ணா: வைதவர்களுக்காக நான் ஒருபோதும் பேசமாட்டேன், தம்பி. பிடிக்கவில்லை என்பதும் வைவதும் வேறுவேறு. அவர்களைக் காட்டி என் வாயை அடைக்காமல் இருந்தால் போதும்.

[9:04] தெஹிவளை அக்கா: அடைக்க வேண்டியதில்லை, அண்ணா. பிள்ளை போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னணி மிக நன்றாக இருக்கிறது. தண்ணீரின் நீலத்துக்குள் விளக்கின் மஞ்சளை எவ்வளவு குறைவாக விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், இரவு நேரம் என்று சொல்ல அது போதுமாக இருக்கிறது. ஆனால் முன்னால் நிற்பவர்களின் மூக்கு, தாடை, தொப்பி எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் வெட்டியிருப்பதால், ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குக் கண் போகும்போது வேறுபாடு குறைவாகத் தெரிகிறது. முகங்களைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதியை நான் ஏற்கிறேன். அசையும்போது எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் மற்றப் பாதியைச் சொல்ல முடியாது.

[9:07] அண்ணாவின் மகள்: அசையும்போது வேறுபாடு நன்றாகத் தெரிகிறது, மாமி. கைபிரஷுக்கு வயது ஏறிவிட்டது என்பது அவர் நடப்பதிலேயே விளங்குகிறது.

[9:12] பெரியண்ணா: சரி பிள்ளை, சாப்பிட்டுவிட்டு வருகிறேன், முதலிலிருந்து தொடங்கு. முகங்களைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. மைக்கல் லாண்ட், பீட்டர் மக்கொனல், கிளின்ட் பஜாக்கியன் ஆகிய பழைய மூவரும்தான் இதற்கும் இசையமைத்திருக்கிறார்கள் என்பதால், ஸ்பீக்கரை இணைத்துச் சத்தத்தைக் கூட்டிவை.