கிறீஸ் அடித்த பிறகுதான் பேரிங் கூடுதலாகச் சூடாகிறது. ஏன்?

தம்பலகாமம்_மில்:

வணக்கம். தம்பலகாமத்தில் ஒரு நெல் மில்லில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். நான் படித்தது வயரிங். பிட்டர் வேலை பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதுதான், கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உமி இழுக்கிற ப்ளோவரில் பெல்ட் பக்கத்துப் பேரிங், பெரும்போக நெல் வரத் தொடங்கிய மாசி மாதத்திலிருந்து இதுவரை மூன்று முறை போய்விட்டது. 22213 ரோலர் பேரிங், பிளம்மர் புளொக்கில் (பேரிங்கைத் தாங்கும் இரும்புக் கூடு) இருக்கிறது. நிமிடத்துக்கு 1,200 சுற்று. முதல் முறை, போலிப் பேரிங் மாட்டிவிட்டீர்கள் என்றார்கள். சரி என்று அடுத்ததைக் கொழும்பிலிருந்து பெட்டியோடு எடுப்பித்தோம். அதுவும் ஏழு கிழமைதான்.

கிறீஸ் போடாமல் விட்டீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே பக்கத்தில் நின்று அடிப்பிக்கிறேன், சீல் வழியாகப் பிதுங்கும் வரைக்கும். முதலாளி துப்பாக்கி மாதிரிப் பிடிக்கிற வெப்பமானி ஒன்று வாங்கித் தந்தார். பார்த்துக் கொப்பியில் எழுதி வருகிறேன். போன கிழமைக் கணக்கு இது: சனி காலை 70 பாகை. கிறீஸ் அடித்து ஒரு மணி நேரத்தில் 86. ஞாயிறு மில் பூட்டு. திங்கள் மத்தியானம் 84, புதன் 79, வெள்ளி 71. மறுநாள் சனி, திரும்பவும் கிறீஸ், திரும்பவும் 86.

கச்சான் காற்று வீசுகிறது, வெளியிலேயே 35 பாகை, அதுதான் காரணம் என்கிறார் எங்கள் பழைய மெக்கானிக். அப்படியென்றால் அதே தண்டின் மறுமுனைப் பேரிங் ஏன் 60ஐத் தாண்டுவதில்லை? அதற்கும் அதே கச்சான்தானே.

முதலாளி சென்சர் பூட்டலாமா என்று கேட்கிறார். பூட்டினால் பலன் இருக்குமா?

மூதூர்_வெல்டர்:

பெல்ட் இறுக்கத்தைப் பாருங்கள். பெல்ட் பக்கம்தானே போகிறது.

கிண்ணியா_பட்டறை:

தம்பி, 25 வருசமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். கிறீஸ் குறைந்து செத்த பேரிங் நூறு பார்த்திருப்பேன், கூடிச் செத்ததை ஒன்றும் காணவில்லை. பேரிங் கள்ளச் சாமானாகத்தான் இருக்கும். பெட்டியையும் இப்போது நல்லாவே அச்சடிக்கிறார்கள்.

சீனக்குடா_பழசு:

நானா சொல்வது லொறிச் சக்கரத்துக்கு ஓரளவு சரி. 1,200 சுற்றில் ஓடும் ரோலர் பேரிங்குக்கு அது பொருந்தாது. கோபிக்க வேண்டாம்.

தம்பி, முதலில் நாலு விசயம் சொல்லுங்கள். ஒரு தடவைக்குக் கிறீஸ் கன்னால் எத்தனை அடி அடிக்கிறீர்கள்? என்ன கிறீஸ், முன்பும் அதேதானா? கடைசிப் பேரிங்கைக் கழற்றியபோது உள்ளே கிறீஸ் எப்படி இருந்தது? புளொக்கின் அடியில் வடிகாலை மூடும் சின்ன முளை ஆணி ஒன்று இருக்கிறதா, கடைசியாக யார் எப்போது கழற்றினார்கள்?

உங்கள் கொப்பியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மற்றதைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

தம்பலகாமம்_மில்:

எண்ணிப் பார்த்தது கிடையாது. இன்று கிறீஸ் அடிக்கும் பையனிடம் கேட்டேன், 25க்கும் 30க்கும் இடையில் என்றான்.

இப்போது நீல நிறக் கிறீஸ், அதிக சூடு தாங்கும் என்று ஹார்ட்வெயாரில் தந்தது. வாளியில் பொலியூரியா என்று போட்டிருக்கிறது. சித்திரை வரை லொறிக்குப் பாவிக்கிற மண்ணிற லித்தியம் கிறீஸ். மாற்றும்போது பழையதைத் துடைத்ததாக நினைவில்லை, மேலேயே அடித்தோம்.

கழற்றியபோது பார்த்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஓரத்தில் இருந்த கிறீஸ் ஆறின தொதல் மாதிரி. கறுப்பு, இழுத்தால் இழுபடுகிறது, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. ரோலருக்குப் பக்கத்தில் மட்டும் ஒட்டின மாதிரிக் காய்ந்திருந்தது. புளொக்கின் அடியில் தரையில் ஒயில் வட்டம். மேலே ஒயில் டாங்க் எதுவும் இல்லை, எங்கிருந்து வந்தது என்று அன்றே குழம்பினேன்.

முளை ஆணி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. டோர்ச் பிடித்துக் குனிந்து பார்த்தேன். இருக்கிறது. பச்சைப் பெயின்ட் தடிப்பாகப் பூசி, புளொக்கும் ஆணியும் ஒரே தகடாகி இருக்கிறது.

சீனக்குடா_பழசு:

அந்தப் பெயின்ட்தான் ஆள்.

கணக்கைப் பாருங்கள். பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, 0.005ஆல் பெருக்கினால் ஒரு தடவைக்கு எத்தனை கிராம் என்று வரும். 22213க்கு வெளிவிட்டம் 120, அகலம் 31. பெருக்கினால் 18.6. ஆக 18, 19 கிராம். இனி உங்கள் கன் ஒரு அடிக்கு எவ்வளவு தள்ளுகிறது என்று பாருங்கள். கடுதாசியில் பத்து அடி அடித்து, சமையலறைத் தராசில் நிறுத்து, பத்தால் வகுத்தால் போதும். கன்னுக்குக் கன் மாறும், அதனால் என் கன்னின் அளவைச் சொல்லமாட்டேன்.

கிறீஸ் என்பது சோப்புப் பஞ்சு ஒயிலைக் குடித்து வைத்திருப்பது போல. வேலை செய்வது ஒயில், பஞ்சு பிடித்து வைத்துக்கொண்டு சிறிது சிறிதாகக் கசிய விடும். புளொக்கின் உள்ளே வெறுமையான இடத்தில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரைதான் கிறீஸ் இருக்க வேண்டும். நிறைந்துவிட்டால் ரோலர்கள் அதைக் கடைந்துகொண்டே சுற்றும். கடையக் கடையச் சூடு ஏறும், சூட்டில் ஒயில் பிரிந்து கீழே ஓடும், பஞ்சு மட்டும் மிஞ்சிக் கருகும். தரையில் நீங்கள் கண்ட வட்டம் அந்த ஒயில், ஓரத்தில் இருந்த தொதல் அந்தப் பஞ்சு. அதோடு உமித்தூசி. உமியில் சிலிக்கா அதிகம், மணல் சேர்த்த மாதிரித்தான் தேய்க்கும்.

கூடிய கிறீஸ் வெளியேறத்தான் அடியில் வடிகால். அது அடைபட்டதால் சீலைப் பிதுக்கிக்கொண்டு போயிருக்கிறது. பிதுங்கின சீல் பிறகு ஒழுங்காக உட்காராது, அந்த வழியாகத் தூசி உள்ளே வரும்.

இரண்டு கிறீஸையும் கலந்ததும் ஒரு காரணம். லித்தியமும் பொலியூரியாவும் வெவ்வேறு வகைப் பஞ்சு, பெரும்பாலும் ஒத்துப்போகாது, கலந்தால் இளகி ஒயிலை விட்டுவிடும். நிறத்தைப் பார்த்து ஒன்று என்று எடுக்காதீர்கள், நீலம் வெறும் சாயம்.

இனி உங்கள் கொப்பி. புதுக் கிறீஸ் அடித்தால் சூடு ஏறுவது வழமைதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஒரு நாளில், பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். உங்களுக்கு இறங்க வெள்ளியாகிறது. அதற்குள் சனி வந்துவிடுகிறது.

கிண்ணியா_பட்டறை:

கணக்கு சரி போலத்தான் இருக்கிறது. நான் இவ்வளவு நாளும் கன்னை நிறுத்துப் பார்த்ததில்லை. நாளைக்குப் பார்க்கிறேன்.

தம்பலகாமம்_மில்:

நிறுத்தேன். பத்து அடிக்கு 13 கிராம். அப்போ 30 அடிக்கு 39 கிராம். தேவையானதில் இரண்டு மடங்கு, அதுவும் கிழமைக்கு ஒருக்கா!

அப்போ எத்தனை நாளுக்கு ஒருக்கா அடிப்பது? சென்சர் வேண்டுமா வேண்டாமா?

சீனக்குடா_பழசு:

14 அடி. அதற்கு மேல் வேண்டாம்.

இடைவெளி இடத்தைப் பொறுத்தது. தூசி இல்லாத, 70 பாகைக்குள் ஓடும் இடத்தில் இந்த அளவு பேரிங்குக்குச் சில ஆயிரம் மணி நேரம் கூடப் போகலாம். 70க்கு மேல் ஒவ்வொரு 15 பாகைக்கும் இடைவெளியைப் பாதியாக்க வேண்டும். உங்களுக்கு உமித்தூசி. நான் என்றால் மாதம் ஒருமுறை வைத்துத் தொடங்குவேன். அறுவடை நெரிசலில், இரவும் ஓடும் நாட்களில், இரண்டு கிழமை. பிறகு கொப்பி சொல்வதைக் கேட்டுக் கூட்டிக் குறைக்கலாம்.

அடிக்கும் முன், கன்னை மாட்டும் நிப்பிளைத் துணியால் துடையுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம், நிப்பிளில் ஒட்டின உமியை நாமே கன்னால் உள்ளே தள்ளிவிடுகிறோம். வடிகால் ஆணியைக் கழற்றிவிட்டு அடியுங்கள், ஓரிரு மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு பூட்டுங்கள். ஆணியைக் கழற்றுவதும் பூட்டுவதும் மெயின் சுவிச்சை நிறுத்தி, சாவியைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டுதான். சாரத்தோடு பெல்ட் பக்கம் யாரும் போகக்கூடாது.

வெப்பமானியைப் பற்றி ஒன்று. மினுங்கும் இரும்பில் பிடித்தால் அது குறைத்துக் காட்டும். புளொக்கில் ஓர் இடத்தில் கறுப்பு இன்சுலேசன் டேப் ஒட்டி, எப்போதும் அதிலேயே, ஒரே தூரத்தில் பிடியுங்கள். உள்ளே பேரிங் வெளியே காட்டுவதைவிடக் கூடச் சூடாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நான் முன்பு வேலை செய்த ஆலையில் மீயொலிக் கருவி இருந்தது. காதில் ஹெட்போன், ஒரு முனையைப் புளொக்கில் வைத்தால் உராய்வு கேட்கும். ஒவ்வொரு அடியாக அடிக்க அடிக்கச் சத்தம் தணியும், தணிந்து திரும்ப ஏறத் தொடங்கினால் உடனே நிறுத்திவிடுவோம். அருமையான சாமான், ஆனால் ஒரு ப்ளோவருக்காக வாங்கும் விலை இல்லை. சென்சரும் இப்போதைக்கு வேண்டாம். அது 86 என்று சிவப்பு விளக்குக் காட்டும், நீங்கள் அதைத்தான் ஏற்கெனவே கொப்பியில் எழுதி வைத்திருக்கிறீர்களே.

கந்தளாய்_லைன்:

இடையில் வருகிறேன். எங்கள் மில்லில் நெல் ஏற்றும் எலிவேட்டரின் கியர் பொக்ஸ் ஒயில் மாரிக்குப் பிறகு பால் தேத்தண்ணி நிறமாகிவிட்டது. 220 தடிப்பு ஒயில்தான். தண்ணி சேர்ந்ததா, பழுதானதா, எப்படித் தெரிந்துகொள்வது?

சீனக்குடா_பழசு:

அந்த நிறம் என்றால் தண்ணிதான். உறுதி செய்ய: தகரத் துண்டை நன்றாகச் சூடாக்கி ஒரு சொட்டு விடுங்கள், 150 பாகை அளவு போதும். தண்ணி இருந்தால் கடுகு வெடிக்கிற மாதிரிப் படபடக்கும். வெளியில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், சமையலறை வேண்டாம். எவ்வளவு தண்ணி என்று அது சொல்லாது, இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான்.

கியர் பொக்ஸின் தலையில் மூச்சுவிடும் மூடி இருக்கும். கழற்றிப் பாருங்கள், தவிடு அடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். பகலில் சூடாகி வெளியே விடும் காற்றை, இரவில் ஆறும்போது திரும்ப இழுக்கும். மூடி அடைபட்டால் சீல் ஓரமாக இழுக்கும், மாரியில் அது ஈரக்காற்று.

பெரிய கியர் பொக்ஸ் என்றால் ஒயில் விற்பவரிடம் மாதிரி சோதித்துத் தருவார்களா என்று கேளுங்கள், சில முகவர்கள் செய்வார்கள். மெசின் ஓடிச் சூடாக இருக்கும்போதே, ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து, சுத்தமான போத்தலில் எடுங்கள். சோடாப் போத்தலைக் கழுவி எடுக்கவேண்டாம். அடி வண்டலை எடுத்துக் கொடுத்தால் எல்லாம் பயங்கரமாகத்தான் வரும். ரிப்போட்டில் இரும்பும் சிலிக்கனும் சேர்ந்து ஏறினால் தூசி உள்ளே போய்ப் பல்லை அரைக்கிறது. பெரிய துணுக்குகள் அந்த ரிப்போட்டில் அகப்படாது, சில மைக்ரோனுக்கு மேற்பட்டவற்றை அந்தச் சோதனை ஒழுங்காகக் காணாது. அதற்கு வடிகால் ஆணியில் காந்தம் இருக்கிற வகை ஒன்று வாங்கிப் பூட்டுங்கள். அதில் மை மாதிரி ஒட்டினால் பயமில்லை, நகத்தில் தட்டுப்படும் சீவல் வந்தால் திறக்க வேண்டும்.

கந்தளாய்_லைன்:

மூடியில் தவிடுதான். கல்லு மாதிரி. நன்றி அண்ணை.

தம்பலகாமம்_மில்:

ஐந்து கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

புளொக்கைத் திறந்து தொதல் முழுவதையும் வழித்து, டீசலில் கழுவி, துடைத்து உலரவிட்டோம். புதுப் பேரிங், புதுச் சீல். திரும்ப லித்தியம் கிறீஸே, பேரிங் உள்ளே நிறைய, புளொக்கில் மூன்றில் ஒன்று. பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டி வடிகால் ஆணியைக் கழற்ற அரை நாள் போனது. பெல்ட்டும் கம்பி மாதிரி இறுக்கமாகத்தான் இருந்தது, மூதூர் அண்ணை சொன்னதும் சரி.

முதல் இரண்டு நாள் 75 வரை போனது, பயந்துவிட்டேன். மூன்றாம் நாள் 63. அதற்குப் பிறகு 60க்கும் 64க்கும் இடையில்தான். போன சனி முதல் தடவையாக 14 அடி: ஒரு மணி நேரத்தில் 71, பின்னேரம் மில் பூட்டும்போது 63. வடிகாலால் சுண்டுவிரல் அளவு பழுப்புக் கிறீஸ் வந்து நின்றது. கச்சான் இன்னும் வீசிக்கொண்டுதான் இருக்கிறது.

பையன்தான் மனம் கேட்காமல் நிற்கிறான். 14 அடியோடு கன்னை வாங்கி வைத்துவிட்டேன், "இவ்வளவுதானா?" என்று முகத்தைப் பார்க்கிறான்.

ஒரு கேள்வி மிச்சம். பொலிஷர் பேரிங்குக்கும் இதே கிறீஸ் அடிக்கலாமா? அது அரிசிக்கு நேர் மேலே இருக்கிறது.

சீனக்குடா_பழசு:

அங்கே வேண்டாம். ஒழுகினால் அரிசியில் விழும். வாளியில் எச்1 என்று போட்ட உணவுத்தரக் கிறீஸ் வாங்குங்கள். விலை கூட, ஆனால் உங்கள் கையில் இனி ஒரு வாளி நெடுநாள் நிற்கும். அதற்குத் தனிக் கன் வையுங்கள், பிடியில் வெள்ளைப் பெயின்ட் அடித்து அடையாளம் போடுங்கள். ஆணியில் மட்டும் அடிக்க வேண்டாம்.