தூதரக நிதி: ஊர் எழுதட்டும், நாங்கள் பின்னால் நிற்போம்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

கனடாவின் ஸ்காபரோவில் இருந்தும் லண்டன் ஹரோவில் இருந்தும் வந்த மடல்களில் ஒரே கேள்விதான். கொழும்பில் உள்ள தூதரகங்கள் சிறு திட்டங்களுக்குக் காசு கொடுக்கின்றனவாமே, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் பெயரில் விண்ணப்பித்து மைதானத்தில் ஒரு பார்வையாளர் மண்டபம் கட்டினால் என்ன? நான் இப்போது ஊரில் நிற்கிறேன். சனசமூக நிலைய நிர்வாகத்தோடும் ஊரின் இளம் பிள்ளைகளோடும் இருந்து கதைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மண்டபத்தை இப்போதைக்கு ஒரு பக்கம் வைப்போம். பெயரையும் ஊருக்கே விட்டுவிடுவோம். இந்த நிதிகள் மண்ணில் நின்று வேலை செய்கிற அமைப்புகளை நினைத்து வைத்தவை. ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட உதவித் திட்டம் 1989 இல் தொடங்கியது. நீண்ட காலம் ஒரு திட்டத்துக்குப் பொதுவாக 1 கோடி யென் வரை கொடுத்து வந்தார்கள். வடக்கில் கண்ணிவெடி அகற்றிய அமைப்புகளுக்கும் அந்த வழியால்தான் பெருந்தொகை வந்தது. கனடாவுக்கு உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி ஒன்று இருக்கிறது, அவுஸ்திரேலியாவுக்கு நேரடி உதவித் திட்டம், ஜெர்மன் தூதரகத்துக்குச் சிறு திட்ட நிதி. எதை எடுத்தாலும் கையெழுத்து வைப்பதற்கும், காசை வாங்குவதற்கும், பிறகு கணக்குக் காட்டுவதற்கும் ஊரில் பதிந்த ஓர் அமைப்பு முன்னுக்கு நின்றால்தான் விண்ணப்பம் எடுபடும்.

சனசமூக நிலையத்துக்குப் பதிவு இருக்கிறது, வங்கிக் கணக்கும் இருக்கிறது. இல்லாதது கணக்காய்வு. பொருளாளர் அண்ணையிடம் கேட்டபோது அலுமாரியில் இருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்துத் திறந்தார். பேப்பர்காரருக்குக் கொடுத்தது, மின்குமிழ் வாங்கியது, வாணி விழாவுக்கு ஒலிபெருக்கி பிடித்தது என்று எல்லாப் பற்றுச்சீட்டும் மாதவாரியாக றப்பர் வளையம் போட்டு அடுக்கி இருந்தன. ஒரு சதம் பிழைக்காது. அவ்வளவு நேர்மையான மனிதர். ஆனால் ஒரு கணக்காளர் பார்த்துக் கையெழுத்து வைத்த ஆண்டறிக்கை இல்லாவிட்டால், தூதரகத்தில் இருப்பவருக்கு அந்த நேர்மை எப்படித் தெரியும்? கடந்த இரண்டு ஆண்டுக் கணக்கையாவது முறையாக எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்காளருக்கான கூலியை நாங்கள் கட்டுவோம். வெளிநாட்டில் கணக்கியல் துறையில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் யாராவது அண்ணையோடு சூமில் இருந்து, பதிய வேண்டியதைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தால் பெரிய புண்ணியம்.

இனித் திட்டம். எங்களுக்கு மண்டபம் பிடித்திருக்கலாம். பிள்ளைகள் கேட்பது தண்ணீர். கம்பசில் படிக்கும் தங்கச்சி ஒருத்தி ஊர்க் கிணறுகளில் தண்ணீர் எடுத்துப் போத்தல்களில் அடைத்து, ஒவ்வொன்றிலும் எந்த ஒழுங்கை, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டி, வாசிகசாலை மேசையில் வரிசையாக வைத்திருந்தாள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வழுக்கையாற்றை விட்டால் ஆறு என்று ஒன்றும் இல்லை, அதுவும் மழைக்கு மட்டும் ஓடுவது. நாங்கள் குடிப்பதெல்லாம் சுண்ணக்கல்லுக்குள் ஊறி நிற்கும் மழை. தோட்டத்தில் போடும் உரமும் மலகூடக் குழியின் கழிவும் அதே கல்லுக்குள்தான் இறங்குகின்றன. இவற்றால் தண்ணீரில் சேரும் நைத்திரேற்று என்ற உப்பு, குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தோட்டப் பக்கத்துக் கிணறுகளில் அதைத் தாண்டுவது யாழ்ப்பாணத்தில் பல ஆய்வுகளில் கண்ட விஷயம். கைக்குழந்தைகளுக்குத்தான் முதலில் ஆபத்து. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள், தண்ணீரைப் பற்றி எங்களைவிடத் தெளிவாகக் கதைக்கிறார்கள்.

நிலையத்துக் கூரையில் பீலி போட்டு மழைநீர்த் தொட்டி ஒன்று, கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க ஒரு சிறு கருவித் தொகுதி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி. இவ்வளவுதான் அவர்கள் திட்டம். சின்னது, செய்து முடிக்கலாம், கண்ணால் காட்டலாம். சிறு நிதிக்கு இதைவிடப் பொருத்தமாக நானும் யோசிக்கவில்லை.

எங்கள் பங்கு எங்கே வருகிறது என்றால், ஜப்பான் திட்டத்தில் கட்டடமும் கருவியும் கிடைக்கும், சம்பளமும் நாளாந்தச் செலவும் கிடைக்காது. மற்ற விண்ணப்பங்களிலும் ஒரு கேள்வி தப்பாமல் வரும்: எங்கள் காசு முடிந்த பிறகு இதை யார் நடத்துவது? அந்தப் பெட்டிக்குள் ஊர்ப் பிள்ளைகள் துணிந்து எழுத ஒரு பதில் வேண்டும். மின்சாரக் கட்டணம், தொட்டி துப்புரவு, ஆண்டுதோறும் ஆய்வுகூடத்தில் நீர் பார்க்கும் செலவு ஆகியவற்றை ஐந்து ஆண்டுக்கு ஏற்பதாக எங்கள் சங்கம் கடிதம் கொடுத்தால், அதுதான் அந்தப் பதில். அம்மா அப்பா நினைவாகக் கல் பதிக்க விரும்பும் உறவுகளிடமும் பணிவாகக் கேட்கிறேன், அந்தக் காசை ஆண்டுதோறும் வரும் இந்தச் செலவுக்குத் தாருங்கள். தொட்டியில் எழுதப்போவது காசு தந்த நாட்டின் பெயர், அதை மாற்றக் கேட்கக் கூடாது.

காலக் கணக்கும் முக்கியம். கனடாவின் நிதியாண்டு மார்ச்சோடு முடிகிறது, ஜெர்மன் நிதியை அந்தந்த ஆண்டுக்குள் செலவழித்துவிட வேண்டும். ஒப்புதல் பிந்தி வந்தால் வேலை ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் மாட்டிக்கொள்ளும். ஆகவே பிரதேச சபை அனுமதி, கிராம அலுவலர் கடிதம், மூன்று கடையில் கொட்டேசன் (விலை எழுதி வாங்கும் சீட்டு) எல்லாம் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். கொட்டேசனைக் கடைசியாக ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். 2022 இல் டொலர் சில வாரங்களில் 200 ரூபாவில் இருந்து 360 ஐத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

எழுதுவதைப் பிள்ளைகளே தமிழில் முதலில் எழுதட்டும். ஆங்கிலமாக்க நாங்கள் உதவலாம், ஆனால் அவர்கள் சொல்லாததைச் சேர்க்க வேண்டாம். தூதரகத்தில் இருந்து ஆள் வந்து நேரில் கேட்கும்போது பதில் சொல்லப்போவது அவர்கள்தான். கனடா நிதிக்குப் பெண்களோடு கலந்து பேசித் திட்டம் போட்டதைக் காட்டவும் வேண்டும். இங்கே தொடக்கமே பெண் பிள்ளைகளின் யோசனை, கூட்டக் குறிப்பில் அது அப்படியே பதிவாக வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதில்தான் எல்லாம் நிற்கப் போகிறது. நிலையம் நிற்கும் காணி அந்தக் காலத்தில் வாய்ச்சொல்லில் கொடுத்தது. உறுதி இன்னும் கொடுத்தவரின் பெயரில். அடுத்தவன் காணியில் தொட்டி கட்ட எந்தத் தூதரகமும் காசு தராது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று நாடுகளில் இருக்கிறீர்கள், இந்தக் குழுவிலும் இருக்கிறீர்கள். ஊரில் நீங்கள் நம்பும் ஒருவருக்கு, உங்கள் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதி, அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பினால், நன்கொடை உறுதியை இங்கே உறுதி எழுதும் நொத்தாரிசிடம் முடித்துவிடலாம். நொத்தாரிசுச் செலவு சங்கத்தினுடையது. எனக்குத் தனிமடலில் எழுதுங்கள், தொலைபேசியில் கதைப்பதானாலும் எந்த நேரமும் சரி.

அன்புடன்,
திட்டக் குழுவுக்காக